அபூ ஸஃபாரும் மஞ்சள் காமாலையும்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஏழு, ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. மதுரை நிறுவனம் ஒன்றுக்கு, அரபு மொழியில் உள்ள மருத்துவத் தகவல்களை இணையத்தில் ஒழுங்குபடுத்தித் தரும் பணி வந்திருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவரும், அவர்கள் உதவிக்கு அழைத்த அரபு ஆசிரியரும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளோடு தொடர்புள்ள பிற வாசகர்களின் கேள்விகளையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டேன். பெயர்களை விடுத்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: வளைகுடா வாடிக்கையாளர் ஒருவர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரபு மருத்துவக் கட்டுரைகளைத் தலைப்பு வாரியாக அடுக்கி, தேடும் வசதியோடு இணையத்தில் ஏற்றித் தரும் பணியை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். ஆங்கிலத் தளங்களில் நோய்ப் பெயர்களை ஏ முதல் இசட் வரை அடுக்குவதைப் போல, அரபு அகரவரிசையில் அடுக்கிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் மேலாளர். எனக்கு அரபு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனாலும் இந்த யோசனை எனக்கு ஏனோ நிறைவாக இல்லை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– மென்பொருள் பணியாளர், மாட்டுத்தாவணி, மதுரை

பதில்: உங்கள் மேலாளரின் யோசனை ஆங்கிலத்துக்குப் பொருந்தும், தமிழுக்கும் ஓரளவு பொருந்தும், அரபுக்குப் பொருந்தாது. தமிழில் கல்லீரல் அழற்சி, மூட்டு அழற்சி, மூளையுறை அழற்சி என்று உறுப்பு முன்னேயும் நோயின் தன்மை பின்னேயும் வருவதால், அகரவரிசையில் அவை தாமாகவே பிரிந்து தத்தம் இடத்தில் போய் நிற்கும். அரபில் இந்த வரிசை மாறிவிடுகிறது. அழற்சியைக் குறிக்கும் ‘இல்திஹாப்’ என்ற சொல் முதலில் வருகிறது, உறுப்பின் பெயர் அதைத் தொடர்கிறது. இல்திஹாப் அல்கபித் என்றால் கல்லீரல் அழற்சி. இல்திஹாப் அல்மஃபாஸில் என்றால் மூட்டு அழற்சி. இல்திஹாப் அஸ்ஸஹாயா என்றால் மூளையுறை அழற்சி. புற்றுநோய்களும் அவ்வாறே ‘ஸரதான்’ என்று தொடங்கி, எந்த உறுப்பு என்பதைப் பிறகே சொல்லும். ஆகவே அகரவரிசையில் அடுக்கினால், அழற்சி நோய்கள் அனைத்தும் அலிஃப் என்னும் முதல் எழுத்தின் கீழ் ஒரே குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலில் தமக்கு வேண்டியதைத் தேடுவது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று தல்லாகுளத்தில் நின்றுகொண்டு உறவினர் ஒருவரைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இதே சொல்லில் இன்னொரு கண்ணியும் உண்டு. அரபில் ‘அல்’ என்னும் முன்னொட்டு, பெயர்ச்சொல்லோடு ஒட்டியே எழுதப்படும். தேடுபொறி அமைப்பவர்கள், சொல்லின் தொடக்கத்தில் அலிஃபும் லாமும் சேர்ந்து வந்தால் அவற்றை வெட்டிவிட்டு மீதியைத் தேடும்படி நிரல் எழுதிவிடுவார்கள். இல்திஹாப் என்ற சொல்லும் அதே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே அவை முன்னொட்டு அல்ல, சொல்லின் உடம்பு. வெட்டினால் அழற்சியோடு தொடர்பில்லாத துண்டு ஒன்று மிஞ்சும், கல்லீரல் நோயைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். இத்தகைய சொற்களுக்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த வரிசையில் அடுக்குவது? அரபு மருத்துவமே அதற்கு விடை வைத்திருக்கிறது. மருத்துவ அறிஞர் இப்னு ஸீனா 1025ஆம் ஆண்டை ஒட்டி முடித்த ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலின் ஐந்து பகுதிகளில் மூன்றாவது, உறுப்புகளின் நோய்களைத் தலையில் தொடங்கிக் கால் வரை வரிசையாகச் சொல்கிறது. காய்ச்சல் போல உடல் முழுவதையும் பற்றும் நோய்களை அவர் நான்காம் பகுதியில் தனியே வைத்தார். நம் புலவர்கள் கேசாதிபாதம் பாடியதைப் போன்ற இந்த வரிசை, எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் பயன்படும். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும். முகப்பில் உடலின் வரிசையை வையுங்கள். அகரவரிசை பின்னால் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி இந்த அடுக்கில் செலவாகக் கூடாது என்பதே என் கருத்து. காரணத்தை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு மருத்துவமனையின் நோயாளர் நூலகத்தில் நான் பணியில் சேர்ந்த புதிதில், தோளில் துண்டோடு வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, “மஞ்சக் காமாலைக்குப் பத்தியம் சொல்ற பொஸ்தகம் இருக்குங்களா தம்பி?” என்று கேட்டார். நூற்பட்டியல் அட்டைகளில் மகரத்தைப் பார்த்தேன், ககரத்தைப் பார்த்தேன், எதுவும் இல்லை. இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாலையில் 616 என்னும் நோய்களுக்கான எண்ணில் புத்தகங்களைத் திருப்பி அடுக்கும்போது, ‘கல்லீரல் அழற்சி’ என்ற தலைப்பில் மூன்று சிறு கையேடுகள் கிடந்தன. அவற்றில் ஒன்று உணவு முறையைப் பற்றியது. பட்டியலைத் தயாரித்தவர் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. கேட்க வருபவர் எந்தச் சொல்லோடு வருவார் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் ‘மஞ்சள் காமாலை – காண்க: கல்லீரல் அழற்சி’ என்று ஓர் அட்டை எழுதிச் செருகினேன்.

அரபிலும் இதே கதைதான். காமாலைக்கு அகராதிச் சொல் ‘யரகான்’. சவூதியில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு ‘அபூ ஸஃபார்’ வந்திருப்பதாகச் சொல்வார். எகிப்தில் அது ‘ஸஃப்ரா’. அல்ஜீரியா, மொராக்கோ பக்கத்தில் ‘பூ ஸஃபைர்’. மூன்று சொற்களுக்கும் அடியில் இருப்பது மஞ்சள் நிறம், நம் ஊர்ச் சொல்லில் இருப்பதைப் போலவே. இந்த மூவரும் எழுதப் படிக்கக் கற்றது ஒரே எழுத்து அரபுதான் என்றாலும், உடம்புக்கு முடியாமல் போகும் நேரத்தில் அவர்கள் கைப்பேசியில் தட்டுவது வீட்டில் புழங்கும் சொல்லைத்தான். உங்கள் மூவாயிரம் கட்டுரைகளும் யரகான் என்று மட்டுமே எழுதப்பட்டிருக்குமானால், மூவருக்கும் கதவு அடைத்தே கிடக்கும்.

ஆகவே ‘காண்க’ பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். மக்கள் சொல், அது புழங்கும் நாடு, அகராதிச் சொல், கட்டுரையின் எண் என்று நான்கு பத்திகள் போதும். அகராதிச் சொல்லுக்கு, 1973இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியத் தரைக்கடல் வட்டார அலுவலகத்தின் பொறுப்பில் வளர்ந்த ஒருங்கிணைந்த அரபு மருத்துவ அகராதியை ஆதாரமாகக் கொள்ளலாம். ஒரே நோய் இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் போய் உட்காராமல் இருக்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு எண்ணையும் இட்டுவையுங்கள். இந்த முறை என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பயன்படுத்திவரும் ‘மெஷ்’ என்னும் மருத்துவப் பொருள் தலைப்புத் தொகுதி, ஒரு தலைப்பை நிலைநிறுத்தி, மற்ற பெயர்களை அதன் வாசலுக்கு வழிகாட்டிகளாக வைக்கும் இதே வழியில்தான் நடக்கிறது.

சில சொற்களில் எச்சரிக்கை வேண்டும். ஸுக்கர் என்றால் சர்க்கரை, ளக்த் என்றால் அழுத்தம். ‘எனக்குச் சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது’ என்று நம்மவர் சொல்வதைப் போலவே அரபு மக்களும் அவற்றையே நோய்ப் பெயர்களாகச் சொல்கிறார்கள். இவற்றை நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நேராக அனுப்பிவிடலாம். ‘ஜல்தா’ என்ற சொல் அப்படிப்பட்டதன்று. இரத்தக் கட்டி என்று பொருள்படும் அச்சொல்லை மக்கள் மாரடைப்புக்கும் சொல்வார்கள், மூளையில் வரும் பக்கவாதத்துக்கும் சொல்வார்கள். அதைத் தேடுபவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டுரைக்கு அனுப்பினால் ஆபத்து. நெஞ்சில் வலியா, முகம் கோணி ஒரு கை விழுந்துவிட்டதா என்று இரண்டே வரிகளில் கேட்டு, இரண்டிலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லும் ஒரு பக்கம் நடுவே இருக்க வேண்டும். நான் எழுதிச் செருகிய அந்தக் காமாலை அட்டையிலும் இந்தக் குறை இருந்தது. பித்தப்பைக் கல்லாலும் காமாலை வரும், பிறந்த குழந்தைக்கும் வரும். கல்லீரல் அழற்சிக்கு மட்டும் அனுப்பியது என் அவசரம்.

புற்றுநோய்க்கு இன்னொரு சிக்கல். ‘ஸரதான்’ என்றால் நண்டு என்றும் பொருள். கடக ராசிக்கும் அதே பெயர். ஆகவே அந்தச் சொல்லைத் தேடினால் ராசிபலனும் கூடவே வந்து நிற்கும். அந்தப் பெயரைச் சொல்லவே அஞ்சி, ‘அந்த நோய்’ என்றும் ‘கெட்ட நோய்’ என்றும் சுற்றி வளைத்துப் பேசும் வழக்கமும் அங்கே உண்டு. அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

எழுத்துக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் ரமலான், ரமளான், ரமதான், ரம்ஜான் என்று நான்கு விதமாக எழுதுகிறோம் அல்லவா? அரபு எழுத்திலும் ஹம்ஸா என்னும் சிறு குறியை அலிஃபின் மேலே போடுவதா, கீழே போடுவதா, போடாமலே விடுவதா என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி. இன்சுலின் என்ற ஒரு சொல்லே இப்படிப் பல உருவில் தட்டப்படுகிறது. சொல்லிறுதியில் புள்ளி வைத்த யா என்னும் எழுத்துக்கும் வைக்காத யாவுக்கும் எகிப்தில் வேறுபாடு பார்ப்பதில்லை. இளைஞர்கள் ஐன் என்ற எழுத்துக்கு 3 என்ற எண்ணையும், ஹா என்ற எழுத்துக்கு 7 என்ற எண்ணையும் இட்டு ஆங்கில எழுத்திலேயே அரபு எழுதிவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் தேடல் பெட்டிக்குப் பின்னால் ஒரே வடிவமாக்கிக்கொள்வது உங்கள் துறையினருக்குக் கடினமான வேலையன்று, மறந்துவிடுவதுதான் எளிது.

கேள்வி: காஜிமார் தெரு அருகே உள்ள மதரஸா ஒன்றில் அரபு இலக்கணம் கற்பிக்கிறேன். மருத்துவக் கட்டுரைகளைச் சரிபார்க்க ஒரு நிறுவனத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். குர்ஆனும் இலக்கணமும் ஓதிய என்னைப் போன்றவனுக்கு இன்றைய மருத்துவ அரபு கைவருமா, அல்லது மறுத்துவிடுவதுதான் முறையா?
– அரபு ஆசிரியர், மதுரை

பதில்: மறுக்க வேண்டாம், ஹஜ்ரத். அரபு லீகில் உள்ள 22 நாடுகளுக்கும் எழுத்து மொழியின் இலக்கணம் ஒன்றே. தாங்கள் நாள்தோறும் கற்பிப்பதும் அதுவே. ஒரு எடுத்துக்காட்டுப் பாருங்கள். செவிலியைக் குறிக்கும் ‘முமர்ரிளா’ என்ற சொல்லையும், நோயுண்டாக்கும் கிருமிகளுக்கு அடைமொழியாக வரும் ‘மும்ரிளா’ என்ற சொல்லையும் உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதினால், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். செவிலியர் பணியைத் தேடியவருக்குக் கிருமிகளைப் பற்றிய கட்டுரை வந்து நின்றால், நிறுவனத்தில் உள்ளவர்கள் திகைப்பார்கள், தாங்கள் ஷத் என்னும் இரட்டிப்புக் குறி ஒன்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். மூன்று முதல் பத்து வரை எண்ணுப் பெயரின் பால் மாறி வருவதையும், இரண்டு மாத்திரைகள் என்பதற்கு இருமை வடிவம் வர வேண்டியதையும் இயந்திரம் பிசகிய இடத்தில் தங்கள் கண் பிடித்துவிடும். மருந்தளவு சொல்லும் வரிகளில் அது சிறு உதவியன்று.

வட்டாரப் பேச்சு தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதில் குறையொன்றுமில்லை. அதற்கு வேறு ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜித்தாவிலும் குவைத்திலும் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியும் கடையில் நின்றும் ஊர் திரும்பிய எத்தனையோ பேர் மேலூரிலும் கீழக்கரையிலும் இருக்கிறார்கள். இலக்கணம் ஒரு வரி தெரியாத அவர்களுக்கு, முதலாளி வீட்டுப் பாட்டி காய்ச்சலுக்கு என்ன சொல்வார் என்பது தெரியும். புத்தகத்தில் ‘ஹும்மா’ என்றிருப்பதை அவர்களில் ஒருவர் ‘ஹராரா’ என்பார், எகிப்தியரோடு வேலை பார்த்தவர் ‘ஸுகூனா’ என்பார். சின்னம்மைக்கு ஜித்தாக்காரர் ‘உன்குஸ்’ என்று சொல்லித் தருவார். ஒரு மாலைப்பொழுதில் நான்கைந்து பேரை அழைத்துத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தால், தாங்கள் எழுதிக்கொள்ளத் தாள் போதாது.

மருத்துவர்களே இதைச் சரிசெய்துவிடுவார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் மருத்துவத்தை அரபிலேயே கற்பிக்கிறார்கள். எகிப்திலும் வளைகுடாவிலும் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில், மொராக்கோ, துனிசியா போன்ற நாடுகளில் பிரெஞ்சில். அதனால்தான் எய்ட்ஸ் நோயைக் கிழக்கே ஆங்கிலச் சுருக்கத்தை ஒட்டியும், மொராக்கோ பக்கம் பிரெஞ்சுச் சுருக்கத்தை ஒட்டி ‘ஸீடா’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே நோய் என்பதை உங்கள் பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

தமிழை அரபு எழுத்தில் எழுதுவதற்காக, அரபில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளை ஆக்கி அர்வி என்னும் எழுத்து முறையை வளர்த்த கீழக்கரை, காயல்பட்டினத்து முன்னோரின் வழியில் வந்தவர் தாங்கள். ஒரு சொல்லை எழுத்தில் பிடிப்பது எத்தனை நுட்பமான வேலை என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் ரியாத்தில் வேலை பார்க்கிறார், அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மருத்துவக் காகிதங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார். அரபில் உள்ள எண்கள்கூட எனக்குப் புரியவில்லை. ஒரு முறை ஐந்தைப் பூஜ்யம் என்று படித்துவிட்டோம். இன்னொரு முறை சர்க்கரை அளவு ஏழு என்றிருந்ததைப் பார்த்து, இவ்வளவு இறங்கிவிட்டதே என்று பயந்து போனேன். இதை எப்படிப் படிப்பது?
– வாசகி, மேலூர்

பதில்: அம்மா, தங்களுடைய பயம் நியாயமானது, ஆனால் அந்த ஏழு, தாங்கள் நினைத்த ஏழு அன்று. நம் ஊர் ஆய்வகங்களில் நூறு மில்லி இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று கணக்கிடுகிறார்கள். வேறு சில இடங்களில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். வெறும் வயிற்றில் 7 என்றால் நம் கணக்கில் 126. நீரிழிவு என்று கணிக்கப்படும் எல்லையே அது. அது வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பின் எடுத்ததா என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

எண்களைப் பொறுத்தவரை, நாம் 1, 2, 3 என்று எழுதும் வடிவங்களுக்கு அரபு எண்கள் என்று பெயர் இருந்தாலும், சவூதி, எகிப்து போன்ற நாடுகளில் அச்சிலும் கையெழுத்திலும் வேறு வடிவங்கள் பெரிதும் புழங்குகின்றன. அங்கே ஐந்து நம் பூஜ்யத்தைப் போல வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு என்பது நம் ஏழைப் போலத் தோன்றும். ஏழு மேலே விரிந்த கூம்பு, எட்டு அதையே கவிழ்த்து வைத்தது. ஒரு தாளில் இதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்களை நாம் படிப்பதைப் போல இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

இதில் உள்ள ஒரு கோளாறை முதல் கேள்வி கேட்ட மாட்டுத்தாவணிக்காரரும் குறித்துக்கொள்ளட்டும். அரபு வரிக்கு நடுவே 5-10 என்று சிறு கோடிட்டு எழுதினால், கணினி அதைத் திரையில் 10-5 என்று புரட்டிக் காட்டிவிடக்கூடும். மருந்தளவில் கோட்டைத் தவிர்த்து, ஐந்து முதல் பத்து வரை என்று சொல்லாலேயே எழுதிவிடுவது நல்லது. சர்க்கரை அளவு வரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கணக்குகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

படத்தைப் பார்த்து மாத்திரை அளவை இங்கிருந்தபடியே மாற்றச் சொல்ல வேண்டாம், அம்மா. ஐயம் இருந்தால் அவரே அங்குள்ள மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டிக் கேட்கட்டும். அந்தக் கடைகளில் மலையாளமோ இந்தியோ பேசுபவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். மயக்கம் போன்ற அவசரம் என்றால் சவூதியில் ஆம்புலன்ஸ் எண் 997.

கேள்வி: மஸ்கட்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன், விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே நோயாளிகள் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, ‘நோன்பு வைக்கலாமா’, ‘ஹஜ்ஜுக்கு முன் என்ன ஊசி’ என்று கேட்பதே அதிகம். இணையத்தில் உள்ள அரபுப் பட்டியல்களில் இவை எங்கோ ஒளிந்து கிடக்கின்றன. இது ஏன்?
– செவிலியர், உசிலம்பட்டி

பதில்: ஆங்கிலத்தில் இருந்த தலைப்புப் பட்டியலை அப்படியே அரபில் பெயர்த்துக்கொண்டதன் விளைவு இது. மூலத்தில் இல்லாத தலைப்பு, பெயர்ப்பில் எங்கிருந்து வரும்? ரமளானும் நீரிழிவும் என்பது அம்மக்களுக்கு ஆண்டுதோறும் எழும் கேள்வி. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு–ரமளான் கூட்டணியும் இணைந்து 2016இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டு, 2021இல் அதைப் புதுப்பித்தன. யாருக்கு நோன்பு ஆபத்து, மருந்து வேளையை எப்படி மாற்றுவது, சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பவை அதில் உள்ளன. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் அது எடுத்துச் சொல்கிறது. அந்த அச்சத்தாலேயே சோதித்துப் பார்க்காமல் இருப்பவர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ரமளான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்வதால், இக்கட்டுரைகள் முகப்புக்கு வர வேண்டிய நாளும் நகரும். நோன்பு தொடங்கிய பின் காட்டுவதில் பயனில்லை, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே காட்ட வேண்டும். மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.

ஹஜ்ஜுக்கும் அதே நிலைதான். மூளையுறை அழற்சிக்கு எதிரான நான்கு வகைத் தடுப்பூசியைப் பயணிகள் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். 2012இல் சவூதியில் முதன்முதலாக அறியப்பட்ட மெர்ஸ் என்னும் சுவாச நோயைப் பற்றிய எச்சரிக்கையையும், ஒட்டகங்களிடமிருந்து அது தொற்றும் என்பதையும் அதே பக்கத்தில் வைக்கலாம். உறவுக்குள் மணம் மிகுந்த அந்நாடுகளில் தலசீமியா, அரிவாள் உயிரணுச் சோகை ஆகியவற்றுக்கான சோதனையும் அவ்வாறே. சவூதியில் 2004 முதல் திருமணத்துக்கு முன் அது கட்டாயம். ஆகவே அதைத் தேடுபவர் ‘இரத்த நோய்கள்’ என்ற தலைப்புக்குப் போகமாட்டார். ‘திருமணம்’ என்று தேடுவார். அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் முடிக்கும் நம் உசிலம்பட்டிக்கும் இது தொலைதூரச் செய்தியன்று.

கேள்வி: ஓர் அரபு மருத்துவப் பக்கம் நம்பத் தகுந்தது என்று மொழி தெரியாத நான் எப்படி அறிவது? முத்திரை ஏதேனும் உண்டா?
– ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பழங்காநத்தம்

பதில்: முத்திரை ஒன்று இருந்தது. ஜெனிவாவிலிருந்து இயங்கிய ‘ஹெல்த் ஆன் தி நெட்’ என்னும் அறக்கட்டளை, எழுதியவர் தகுதி, ஆதாரம், நிதி வந்த வழி, விளம்பரம் முதலிய எட்டு நெறிகளைச் சோதித்து முத்திரை வழங்கிவந்தது. 2022இன் இறுதியில் அந்தச் சேவை நின்றுவிட்டது. பழைய தளங்களில் அந்த முத்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பொருள் இல்லை. எட்டு நெறிகளுக்கு மட்டும் பொருள் உண்டு. யார் எழுதியது, யார் சரிபார்த்தது, என்றைக்கு என்ற மூன்றும் இல்லாத பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நாளைப் படிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1445 என்று போட்டிருந்தால் அது ஹிஜ்ரி ஆண்டு, 2023 ஜூலையில் தொடங்கியது. ஜனவரி மாதத்துக்கே எகிப்தில் ஒரு பெயர், சிரியாவிலும் ஈராக்கிலும் ஒரு பெயர், அல்ஜீரியாவில் ஒரு பெயர். ஆகவே மாதத்தை எண்ணாலும் குறிப்பதே எல்லாருக்கும் விளங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்துக்கு அரபும் அதிகார மொழி. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்திவரும் மெட்லைன்பிளஸ் தளத்திலும் அரபுக் கையேடுகள் உண்டு; ஒப்பிட்டுப் பார்க்க இவ்விரண்டும் உதவும்.

கேள்வி: இப்போதுதான் இயந்திரமே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுகிறதே! ஆங்கிலக் கையேடுகளை அரபாக்கிவிட்டால் இத்தனை பாடு எதற்கு?
– மருந்தியல் மாணவர், கே.கே. நகர்

பதில்: உங்கள் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அமெரிக்கக் கையேட்டில் உள்ள அசிட்டமினோஃபென் என்ற பெயரை இயந்திரம் அரபு எழுத்தில் பிழையில்லாமல் அப்படியே எழுதிக் கொடுக்கும். வளைகுடா வாசகருக்கு அம்மருந்து பாராசிட்டமால், அல்லது கடைப் பெயரான பனடால். மூன்றும் ஒன்றே என்பதை அறியாமல் இரண்டைச் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் கெடக்கூடும். மொழிபெயர்ப்பு சரி, வாசகர் மட்டும் மாறிவிட்டார். அவசர எண்ணும் இப்படித்தான். கையேட்டில் 911 என்றிருக்கும். அது ஜோர்டானில் பலிக்கும். எகிப்தில் ஆம்புலன்ஸுக்கு 123, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998.

கேள்வி: முதல் கேள்விக்கான தங்கள் பதிலை எங்கள் பணியாளருக்கு முன்னதாகவே அஞ்சலில் அனுப்பியிருந்தீர்கள். அகரவரிசை போதும் என்று சொன்ன மேலாளர் நான்தான். தாங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் எங்களுக்கு இருப்பதோ மூன்று மாதம். இருபத்திரண்டு நாட்டுச் சொற்களையும் சேர்த்து முடிப்பது எப்போது? வேலை முடிந்தது என்று வாடிக்கையாளரிடம் எதைக் காட்டிச் சொல்வது?
– மேலாளர், மாட்டுத்தாவணி, மதுரை

பதில்: கடிதத்தை மனம் கோணாமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இருபத்திரண்டு நாடுகளையும் தொட வேண்டாம். வாடிக்கையாளரின் வாசகர்கள் மிகுதியாக உள்ள இரண்டு மூன்று நாடுகளை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூவாயிரம் கட்டுரைகளுக்கும் ‘காண்க’ சொற்கள் எழுதவும் வேண்டாம். சர்க்கரை, அழுத்தம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கர்ப்பம், குழந்தை, நெஞ்சு வலி என்று மக்கள் நாள்தோறும் கேட்கும் நாற்பது ஐம்பது பொருள்களை ஹஜ்ரத்தும், ஊர் திரும்பியவர்களும், விடுமுறையில் வந்திருக்கும் அந்தச் செவிலியரும் ஒன்றாக உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். மற்றவற்றுக்கு அகராதிச் சொல்லும் உடல் வரிசையும் இப்போதைக்குப் போதும்.

அதன் பிறகு, தேடல் பெட்டியில் தட்டப்பட்டு ஒரு விடையும் கிடைக்காமல் போன சொற்களை மட்டும் தனியே சேர்த்துவைக்கும்படி நிரலில் ஏற்பாடு செய்யுங்கள். யார் தேடினார், எந்தக் கைப்பேசியிலிருந்து என்பதைச் சேர்க்க வேண்டாம். ஒரே கைப்பேசியைக் குடும்பமே புழங்கும் வீடுகளில், ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எதைத் தேடினாள் என்பது எவர் கண்ணிலும் படக் கூடாது. வளைகுடாவின் பல நாடுகளில் ஞாயிறு வேலை நாள். அன்றைய தேடல்களும் சேர்ந்திருக்கும் என்பதால், நீங்கள் திங்களன்று காலையில் அந்தப் பட்டியலைத் திறந்து, மேலே நிற்கும் இருபது சொற்களை ஹஜ்ரத்திடம் கொடுங்கள். அவருக்குத் தெரியாதவை மேலூருக்குப் போகட்டும். வாரா வாரம் அந்தப் பட்டியல் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதே வாடிக்கையாளரிடம் நீங்கள் காட்ட வேண்டிய தாள். முதல் வாரப் பட்டியலில் அபூ ஸஃபார் இருந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.